படைத்துவிட்டுத் தந்த ஒரு கரண்டி பருப்பு

முருகன் அடியார்களே, வெள்ளிக்கிழமை பஜனையில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா தங்கைகளே, இன்று நான் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் நினைத்தாலே குமட்டுகிற சாப்பாட்டைப் பற்றி. யாராவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

என் பெயர் மல்லிகா. நானும் என் கணவர் குணாவும் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் வேலை செய்கிறார்கள். அவர் தினமும் கடல் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறார். நான் ஜார்ஜ் டவுனில் ஓர் அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை.

போன வருடம் ஆடி மாதம் எனக்கு எடை குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. சர்க்கரை ஏறிப்போய், முட்டி தேய்ந்து, படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேறு வழியில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிட்டார்கள். முதலில் தண்ணீர் ஆகாரம், பிறகு கூழ், அப்புறம்தான் மெத்தென்ற சாப்பாடு. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

திட சாப்பாடு தொடங்கியதும்தான் கஷ்டகாலம் வந்தது. நான் சாப்பிடுவதே மூன்று நான்கு கரண்டி. அதற்காக யார் அடுப்பு பற்ற வைப்பது? தாளிக்கிற வாடை வேறு எனக்கு ஆகவில்லை. அவரோ வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறவர். ஆபீஸில் ஒருத்தி சொன்னாள், "அக்கா, உங்களுக்கு என்ன, பிரோசன் சாப்பாடு வாங்கி அடுக்கிக்கோங்க லா. சூடு பண்ணா முடிஞ்சிச்சு." நல்ல யோசனை என்று சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் ஐஸ்பெட்டியின் மேல்தட்டு கொள்ளாத அளவுக்கு வாங்கி அடுக்கினேன்.

அட்டைப்பெட்டியின் மேலே படம் இருக்கிறதே, அது வேறு உலகம். பளபளவென்று கோழி, மேலே கொத்தமல்லித் தழை. உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. ஒட்டியிருக்கும் தாளை உரித்தால், துவைத்துக் காயாத துணியின் வாடை ஒன்று முதலில் வந்து முகத்தில் அடிக்கும். ஓரத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், நடுவில் ஐஸ் கட்டி இருக்கும். மேலே பழுப்பு நிறத்தில் ஏடு படியும். கரண்டியால் தொட்டால் அது அப்படியே தோலாகத் தூக்கிக்கொண்டு வரும். சீ! கோழித் துண்டோ பள்ளிக்கூடத்து ரப்பர். ஒரு தடவை வெந்தது, உறைந்து, மறுபடி சூடு பட்டால் அப்படித்தான் இருக்கும்.

அருவருப்பில் நான் என்ன செய்வேன் தெரியுமா? மைக்ரோவேவ் பக்கத்தில் நின்றபடியே, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி மடக்கு மடக்கென்று விழுங்கிவிடுவேன். சனியன் முடிந்தால் போதும் என்று. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக் குழியில் ஒரு கல் உட்கார்ந்துகொள்ளும். வாய் முழுவதும் எச்சில் ஊறும். பிறகு கழிவறைக்கு ஓட்டம். வருவது சோறுகூட இல்லை, வெள்ளை நுரை. பசை மாதிரி நூல் நூலாக இழுக்கும், அறுந்தும் தொலையாது. அந்த நாற்றம் என் மூக்கிலேயே குடியிருந்தது. என் வாயை எனக்கே பிடிக்கவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது கண்ணாடியையும் திருப்பி வைத்துவிட்டேன்.

மார்கழி பிறக்கும் முன் டாக்டரிடம் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார். பாதை சரியாகத்தான் இருக்கிறது, அடைப்பு எதுவும் இல்லை என்றார். சத்து ஊசி போட்டார். உணவு ஆலோசகர் ஒரு சீனப் பெண். மெதுவாக மெல்லுங்கள், கூழாகும் வரை மெல்லுங்கள் என்று மலாயில் படித்துப் படித்துச் சொன்னாள். அந்தக் கோழியை நீ மெல்லு பார்க்கலாம் என்று மனதுக்குள் திட்டினேன். கடைசியில் டாக்டர் ஒன்று சொன்னார். தைப்பூசம் முடிந்து வரும்போதும் இப்படியே இருந்தால், வார்டில் படுக்க வைத்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "ஊருக்கெல்லாம் பஞ்சாமிர்தம் குடுக்கிறியே, எனக்கு ஒரு வாய் சோறு இறக்கி விட உனக்குக் கஷ்டமா? நான் என்ன விருந்தா கேட்டேன்? ஒரு வாய். அது உள்ளேயே இருக்கணும். அவ்வளவுதான்." அழுது அழுது குரலே போய்விட்டது. குணா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை கழுத்தில் மாலையோடு வந்து நின்றார். "உனக்காகப் பால்குடம் நேர்ந்துக்கிட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படி ஏறணும். இன்னையிலேர்ந்து விரதம். வீட்ல மாமிசம் இருக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு ஐஸ்பெட்டியைத் திறந்து என் கோழிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "எனக்காக நேர்ந்துட்டு என் சாப்பாட்டையே பிடுங்குறீங்களா? நல்லா இருக்கு உங்க பக்தி!"

"வீட்ல வெக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். வெளிய வெச்சுக்க" என்றார், நல்ல பிள்ளை மாதிரி.

எதிர்வீட்டு ஜமீலா அக்கா எங்களுக்குப் பல வருடப் பழக்கம். பெட்டியில் ஹலால் முத்திரை இருந்ததால் அவர் ஐஸ்பெட்டியில் இடம் கொடுத்தார். அன்றைக்கே ஒன்றை அவர் வீட்டில் சூடு பண்ணித் தாளை உரித்தேன். அக்கா எட்டிப் பார்த்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "யா அல்லா! இதையா மல்லிகா இத்தனை நாளா சாப்புட்டே? வாந்தி வராம வேற என்ன வரும்?" வழக்கம்போல நின்றபடியே இரண்டு வாய் விழுங்கினேன். அடுத்த நிமிடம் அவர் கழிவறையில் குனிந்து கிடந்தேன். பிறத்தியார் வீட்டில் வாந்தி எடுத்துவிட்டு, அந்த நுரையை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன் பாருங்கள், அந்த வெட்கத்தை என்னால் எழுத முடியவில்லை.

கண் சிவந்து வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் குணா. விரதக்காரர் ஒரு வேளைதான் சாப்பிடுவார், அதுவும் சுத்தமான பாத்திரத்தில் வீட்டிலேயே ஆக்கியதாக இருக்க வேண்டும். நான் ஆக்க மாட்டேன் என்று தெரிந்து, புதுச் சட்டி வாங்கி வந்து அவரே பாசிப்பருப்பைக் குழையக் குழைய வேக வைத்திருந்தார். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, தாளிதம் இல்லை. மஞ்சளும் உப்பும் மட்டும். அடி பிடித்த வாடை லேசாக வந்தது. அதை முருகன் முன்னால் வைத்து, சூடம் காட்டி, ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் போட்டு என்னிடம் நீட்டினார்.

"வேணாங்க. இப்பதான் வாந்தி எடுத்துட்டு வந்தேன்."

"படைச்சது, மல்லிகா. வேணாம்னு சொல்லக் கூடாது."

உங்களுக்குத் தெரியும். சாமிக்குப் படைத்ததை நம்மில் யாராவது வேண்டாம் என்போமா? நின்றுகொண்டும் சாப்பிட முடியாது. கை கழுவி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கரண்டி நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்தேன். விழுங்கப் பயமாக இருந்தது. முருகா, உன் பிரசாதத்தை நான் கழிவறையில் கொட்டினால் என் கதி என்ன? அந்தப் பயத்திலேயே அதை வாயில் வைத்து மென்றேன், மென்றேன், மெல்ல ஒன்றுமில்லை என்று ஆகும்வரை மென்றேன்.

"இறங்கிச்சா?" என்றார் அவர்.

"சும்மா இருங்களேன்!"

கொஞ்சம் கழித்து மறுபடியும், "இறங்கிச்சா?"

"இறங்கிச்சு."

கழிவறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல் உட்காரவில்லை, எச்சில் ஊறவில்லை. இன்னொரு துளி எடுத்தேன். கிண்ணம் காலியாவதற்குள் அவருடைய சோறு ஆறிப்போய்விட்டது. என்னை விட்டுவிட்டு அவர் சாப்பிடவே இல்லை. அன்று ஒன்றும் வெளியே வரவில்லை, அடியார்களே. ஒன்றும் வரவில்லை! அவர் சட்டியைத் தேய்த்தபடி அழுதார், நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். பருப்பு, தயிர், ஆவியில் வைத்து மசித்த தாவ்பூ என்கிற சோயாக்கட்டி. காலையிலும் மதியமும் நான் சாப்பிடுவதைக்கூட அவர் விடிகாலையிலேயே ஆக்கி, படைத்து, டப்பாவில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். ஆபீஸில் மைக்ரோவேவ் பக்கமே போகாமல் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எப்போதாவது ஒன்றிரண்டு நாள் குமட்டியது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெள்ளை நுரை திரும்பி வரவில்லை. ஜமீலா அக்கா ஒருநாள் என்னை நிறுத்தி, "உன் பெட்டி ஒண்ணைக் கீழ உள்ள பூனைக்கு வெச்சேன். மோந்து பாத்துட்டு என்னை முறைச்சிட்டுப் போயிடுச்சு. மிச்சத்தை வீசிரட்டுமா?" என்றார். வீசச் சொன்னேன்.

தைப்பூசத்தன்று அவர் பால்குடம் சுமந்து முன்னால் ஏற, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்காமல் ஏறினேன். அபிஷேகம் முடிந்து ஒரு சின்னக் கப்பில் பால் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பால் என்றாலே எனக்கு ஆகாது. ஒவ்வொரு சொட்டாக நாக்கில் வைத்துக் குடித்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கியது. முருகா, இறங்கியது.

பூசம் முடிந்து டாக்டரிடம் போனபோது குழாய்ப் பேச்சே எழவில்லை. மாத்திரையும் பரிசோதனையும் தொடர்கின்றன, அதையெல்லாம் விடச் சொல்லிச் சாமி என்னிடம் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்ட அந்தச் சீனப் பெண், நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள், உங்கள் சாமி சொன்னால்தான் மெல்லுவீர்களா என்று சிரித்தாள். ஆமாம், அப்படித்தான் என்றேன்.

ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் இப்போது ஐஸ் மட்டும்தான் இருக்கிறது. யாராவது மைக்ரோவேவில் கோழி சூடு பண்ணினால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். குமட்டட்டும். அவர் விரதம் முடிந்தும் சமையலை விடவில்லை, இன்னும் அடி பிடிக்க வைக்கிறார்.

உங்கள் வீட்டிலும் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவர் இருக்கலாம். நோயோ, மனக்கஷ்டமோ. முருகனிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். இருப்பதில் ஒரு கரண்டியை முதலில் அவன் முன்னால் வையுங்கள். பிறகு அதை எடுத்துப் போய், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உங்கள் சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று காத்திருந்து கேளுங்கள், "இறங்கிச்சா?"