சங்கு ஊதினால் வரும் பேய்

இன்று காலை பல் துலக்கும் முன்பே போனை எடுத்து, தம்பி எழுதிய பேய்ப்படத்துக்கு வந்த விமர்சனங்களைப் பார்த்தேன்.

"பேயைவிட படத்தின் பட்ஜெட்தான் பயமுறுத்துகிறது" என்று ஒருவர்.

"ஷிப்ட் சங்கு ஊதினால் பேய் வருமாம். என்ன லாஜிக்?" என்று இன்னொருவர். நம் ஊர் சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஊதும் சங்கு அது, அவருக்கு எங்கே தெரியும்.

தம்பி நேற்றே போனில் சொல்லிவிட்டான். "சினிமா போதும்க்கா. மைன்ஸ்ல அந்த கான்ட்ராக்ட் வேலைக்கே சொல்லிடு."

அதைக் கான்ட்ராக்டரிடம் சொல்லத்தான் வடலூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் இதே படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கதையே இல்லக்கா. பேய்க்குப் போட்ட பவுடரு வேர்வையில ஒழுவுது."

"அப்புறம் ஏன்டி சிரிச்சுகினே சொல்ற?"

"படத்துல சங்கு ஊதுச்சா, தூங்கிகினு இருந்த எங்க வூட்டுக்காரரு ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு எழுந்து நின்னுட்டாரு! திரும்பிப் பாத்தா பின்னாடி வரிசையே நிக்குது. இவங்களப் பாத்து அந்தப் பேயே பயந்திருக்கும். தியேட்டர் முழுக்க ஒரே சிரிப்பு. சினிமான்னாலே எரிஞ்சு விழற மனுஷன், நாளைக்கும் போலாம்ங்கறாரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நானும் சிரித்தேன். கண்ணும் கலங்கியது. என் தம்பி எழுதியதைப் பார்த்து நம் ஊர் எழுந்து நின்றிருக்கிறது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு நன்றி.

படம் பார்த்தவர்கள், நீங்களும் எழுந்து நின்றீர்களா என்று கீழே சொல்லுங்கள். அம்மாவைத் தெரிந்தவர்கள் மட்டும் லைக்கோடு நிறுத்திக்கொள்ளவும், இனி சொல்வது அம்மா காதுக்குப் போக வேண்டாம். அந்த கான்ட்ராக்டரைப் பார்க்காமலே எதிர் பஸ் ஏறித் திரும்பிக்கொண்டிருக்கிறேன். தம்பியை அடுத்த கதையை எழுதச் சொல்லப் போகிறேன். அவனுக்கே இன்னும் தெரியாது.