பிழை ஏதுமில்லை என்றது பெட்டி

விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டிய தெருவில் கோதண்டபாணி நடத்திய தட்டச்சுக் கடையில் அம்சவள்ளி பதினொரு வருஷம் வேலை பார்த்தாள். ஒலக்கூரில் அவள் அப்பா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கப் போனவர். மகள் திண்டிவனம் போய் வந்து தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணினாள். ஆங்கிலம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பத்திரங்களையும் வக்கீல் நோட்டீஸ்களையும் வருஷக்கணக்காக அடித்ததில், ஒரு வாக்கியம் எங்கே நொண்டுகிறது என்பது அவள் விரலுக்கே தெரிந்திருந்தது. “அம்சவள்ளி பாத்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் சில வக்கீல்கள் கையெழுத்தே போடுவார்கள்.

1989 பொங்கல் கழிந்து கோதண்டபாணி மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அதோடு, ஆங்கில இலக்கணத்தைத் திருத்துகிற புரோகிராம் ஒன்றும் பிளாப்பியில் வந்தது. கடிதத்தை அடித்து உள்ளே விட்டால் பச்சை எழுத்தில் ஒவ்வொரு குறையாகச் சொல்லும். வாக்கியம் நீளம் என்னும். குப்பம்மாள், கண்டாச்சிபுரம் போன்ற நம்மூர்ப் பெயர்களைப் பிழை என்னும். செயப்பாட்டு வினையைக் கண்டால் அதற்கு ஆகவே ஆகாது. மாற்று, மாற்று என்று நிற்கும். எல்லாம் மாற்றி முடித்தால், ‘பிழை ஏதுமில்லை’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகக் கோதண்டபாணி எதையும் வெட்டுவார். வாசலில் ‘கம்ப்யூட்டர் திருத்திய இங்கிலீஷ்’ என்று போர்டு மாட்டினார். கூட்டம் அலைமோதியது.

மாசியில் கண்டாச்சிபுரத்திலிருந்து குப்பம்மாள் என்ற பெண் வந்தாள். அவள் புருஷன் முருகையன் வளைகுடாவில் கொத்தனார் வேலைக்குப் போனவர். ஊர் திரும்பிய கூட்டாளி ஒருவர் சேதி கொண்டுவந்திருந்தார்: மேஸ்திரி முருகையனை இரும்புக் கம்பியால் அடித்துத் தாடையைப் பேர்த்துவிட்டான், பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டான். அங்கே இருக்கும் நம் தூதரகத்துக்கு எழுத வேண்டும். குப்பம்மாள் அழுதுகொண்டே சொன்னதை அம்சவள்ளி ஆங்கிலத்தில் எழுதினாள். முருகையன் மேஸ்திரியால் அடிக்கப்பட்டார், அவருடைய பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது என்று நேராக, சுத்தமாக.

கம்ப்யூட்டர் பெட்டி இரண்டு வாக்கியத்தையும் பிடித்துக்கொண்டது. செயப்பாட்டு வினை, மாற்று. கோதண்டபாணி அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் நடுவே இருப்பது ‘வாஸ்’, ‘பை’ என்ற இரண்டு குட்டிச் சொற்கள். அவர் அவற்றை எடுத்தார், பாஸ்போர்ட் வாக்கியத்தையும் அதே போக்கில் திருப்பினார். ‘பிழை ஏதுமில்லை’ என்றது பெட்டி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கடிதம் என்று மார்க்கும் போட்டது.

அச்சாகி வந்த தாளைப் படித்த அம்சவள்ளி அதை அவர் முன்னால் நீட்டினாள்.

“சார், தலைகீழாப் போயிடுச்சு சார். முருகையன் மேஸ்திரிய அடிச்சாரு, அவன் பாஸ்போர்ட்ட எடுத்துக்கினாருன்னு இருக்குது.”

“மெஷினு பிழை இல்லன்னு சொல்லுது. நீ இன்னா அதுக்கு மேல?”

“இலக்கணம் சரிதான் சார். சேதி பொய்யி.”

“அது அமெரிக்காவுல படிச்சவன் பண்ணது. நீ ஒலக்கூர்ல படிச்சவ.” காத்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். “பேஜாரு பண்ணாத. ஜல்தி கவர ஒட்டிக் குடு, அந்தம்மாவுக்கு பஸ் போயிடும்.”

அவள் ஒட்டிக் கொடுத்தாள். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் திண்டிவனம் பாசஞ்சரில் உட்கார்ந்திருக்கையில் விரலில் காய்ந்த பசையைச் சேலையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். பெரிய ஆபீஸ்காரர்கள், படித்தால் புரிந்துகொள்வார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டது கடிதத்தைவிட அருவருப்பாக இருந்தது.

நாற்பது நாள் கழித்துக் குப்பம்மாள் பதிலோடு வந்தாள். உங்கள் கணவர் மேற்பார்வையாளரை அடித்து அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; இது அந்நாட்டுப் போலீஸ் விவகாரம் என்று இருந்தது.

கோதண்டபாணி கடிதத்தை நீட்டிப் பிடித்துப் படித்தார். “நாம அனுப்புன லெட்டர்ல இலக்கணத் தப்பு ஒண்ணும் இல்ல. நீ தப்பா சொல்லியிருப்பே” என்று குப்பம்மாளிடமே கூசாமல் சொன்னார்.

“அவங்க சரியாத்தான் சொன்னாங்க” என்று அம்சவள்ளி எழுந்தாள். “மாத்துனது இவரு. தெரிஞ்சும் ஒட்டிக் குடுத்தது நான்.”

குப்பம்மாள் அவளை வெறித்துப் பார்த்தாள். “படிச்சவங்க நீங்களே இப்பிடி பண்ணா, நாங்க எங்கம்மா போறது?”

அம்சவள்ளி கடையின் உள்பக்கம் போனாள். மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய தட்டச்சு மெஷினை இழுத்துத் துடைத்து, தாளைச் செருகினாள். முதல் கடிதத்தில் நேர்ந்தது இந்தக் கடையின் தவறு, அந்தப் பெண் சொன்னது இதுதான் என்று எழுதி, அன்று தன் கையால் எழுதிய மூலத்தையும் இணைத்து, கீழே தன் பெயரையும் விலாசத்தையும் போட்டாள்.

“என் கடை பேர நாறடிச்சுட்டு நாளைக்கு இங்க வந்து நிக்காத” என்றார் கோதண்டபாணி.

“வரல சார்.”

இந்தத் தடவை குப்பம்மாளோடு போஸ்டாபீஸுக்கு அவளே நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தாள்.

இரண்டாவது கடிதத்தைப் பார்த்துத் தூதரகம் தலையிட்டதில் முருகையன் புரட்டாசியில் ஊர் வந்து சேர்ந்தார். இடையில் பன்னிரண்டு நாள் அந்த ஊர் லாக்கப்பில் இருந்திருக்கிறார். முதல் கடிதம்தான் காரணமா என்று அவருக்குத் தெரியவில்லை. அம்சவள்ளி அதற்குள் திண்டிவனத்தில் பத்திர ஆபீஸுக்கு எதிரே ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் தேடி வந்தார்கள். தாடை ஒரு பக்கம் இறங்கியிருந்ததால் அவர் பேச்சு குழறியது.

“நான் அவன அடிச்சேன்னா எழுதியிருந்திச்சி?” என்று கேட்டார். “அடிச்சிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்மா.”

குப்பம்மாள் சிரித்தாள். அம்சவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசியில் கோதண்டபாணி ஆள் அனுப்பினார். கடையில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். வக்கீல்கள் சிலர் தாளைத் திருப்பி அனுப்புகிறார்களாம். பெட்டி சரி என்று சொன்ன பிறகு சும்மா ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதுமாம், பழைய இடத்திலேயே உட்காரலாமாம்.

“பெட்டியே பிழை இல்லன்னு சொல்லிட்டப்புறம் நான் எதுக்குன்னு கேட்டேன்னு சொல்லுங்க” என்றாள். வந்தவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மெஷினில் அடுத்த தாளைச் செருகிக்கொண்டாள்.