என் மகள் என் பேச்சைக் கேட்கக் கூடாது என்று ஜெபித்தேன்

யுத்த காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் ஓடிவந்த அந்தக் கோடையில், விழுப்புரம் ஜங்ஷனில் என் மகள் கிருபையைத் தொலைத்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. கூட்டத்தில் தொலைந்துபோனாள் என்று சபையில் சொல்லிக்கொள்கிறார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை. அது சரியில்லை. கூட்டம் அவளைத் தொலைக்கவில்லை. நான் சொல்லிவைத்த சொல்தான் தொலைத்தது.

எனக்கு எழுத்து குறைவு. தெருப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவன். பிள்ளை வளர்க்கிற சபையாருக்கு உதவும், எழுது என்று உபதேசியார் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா காலத்தில்தான் நாங்கள் ஞானஸ்நானம் பெற்றோம். அதற்கு முன்னால் தலைமுறையாகப் பண்ணை வேலை. பள்ளிக்கூடம் என்பதே எங்கள் தெருவுக்குப் புதிது. நம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு தெரியாது என்று ஊரார் சொல்வார்கள். அது எனக்கு முள்ளாகக் குத்தும். என் பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கிருபையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, கையைத் தலைக்கு மேலே வளைத்து அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். வயதுக்கு அதுதான் அளவு. அவள் விரல் எட்டவில்லை. அடுத்த வருஷம் கூட்டிவா என்றார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் காதைத் தொட வைத்தேன். தோள் வலித்து அழுதாள். வாயை மூடு என்றேன். உடனே மூடினாள். வாத்தியாருக்கு ஆச்சரியம். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வைத்தேன். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அன்றைக்குச் செய்த தப்பை அவள் சொல்ல வேண்டும். சிலேட்டை உடைத்தது, வழியில் நின்று விளையாடியது, எதுவானாலும். சொன்னால் உள்ளங்கையில் அடி. மறைத்தால் இன்னும் அதிக அடி. பிரம்பு வேதப் புஸ்தகத்தின் பக்கத்திலேயே இருக்கும். இது பக்தியான வளர்ப்பு என்று நினைத்தேன். சபையில் இரண்டு மூன்று வீட்டாருக்கு யோசனையும் சொன்னேன். நாளடைவில் நான் ஆமென் சொன்னதும் அவளாகவே கையை நீட்டிவிடுவாள். அன்று தப்பு செய்திருந்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

என் மனைவி ரூத் ஒரு நாள் சொன்னாள்: "இந்தாய்யா, அது உனுக்கு பயந்துக்கினுதான் மூச்சே விடுது."

பயம் இருந்தால்தான் படிப்பு வரும் என்றேன்.

படிப்பும் வந்தது. அதை மறைக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்குத் திண்டிவனத்தில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மிஷன் பள்ளியில் இடம் கிடைத்தது. நானே ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். மயிலத்தில் வண்டி நின்றது. அதே பள்ளிக்குப் போகிற மற்றப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க இறங்கினார்கள். இவளும் இறங்கிவிட்டாள். கார்டு விசில் ஊதியதும் ஓடிவந்து ஏறினாள். நான் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். பயத்தில் அடித்தேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது அது கோபம்தான்.

"நான் வந்து பேர் சொல்லி கூப்புடற வரிக்கும் நீ வண்டிய வுட்டு எறங்கக் கூடாது. எந்த ஊரானாலும் சரி. யாரு கூப்ட்டாலும் சரி."

தலையாட்டினாள். அந்தச் சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு லீவுக்கும் டீச்சரம்மா திண்டிவனத்தில் ஏற்றிவிடுவார்கள். நான் விழுப்புரத்தில் பெட்டி பெட்டியாகப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு இறக்குவேன். கூப்பிடும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்தே இருப்பாள்.

அந்தக் கோடையில் பள்ளியை முன்னதாகவே மூடினார்கள். பிள்ளைகள் மத்தியான வண்டியில் வருகிறார்கள் என்று உபதேசியார் மூலம் செய்தி வந்தது. அன்று மண்டியில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஸ்டேஷனுக்குப் போய்வரட்டுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பட்டணத்துல இருந்து ஜனம் உசுர கையில புடிச்சிக்கினு ஓடியாறது. நீ அத்த வேடிக்க பாக்கப் போறியா? லோடு முடிச்சிட்டுப் போ" என்றான்.

முடித்துவிட்டே போகலாம் என்று இருந்துவிட்டேன். விழுப்புரம் அவளுக்குத் தெரியாத ஊரா, இறங்கி பிளாட்பாரத்தில் நிற்பாள் என்று நினைத்தேன். மயிலத்தில் சொன்னது என் நினைவில் இல்லை. நான் சொன்னதை நானே மறந்தேன். அவள் மறக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்டேஷன் முழுக்க ஜனம். படுக்கை, பாத்திரம், கோழிக்கூடை, தையல் மிஷின். நடக்க இடமில்லை. கிருபை கிருபை என்று கத்திக்கொண்டே போனேன். குழாயடியில் அதே பள்ளியில் எட்டாவது படிக்கிற ஞானம் உட்கார்ந்திருந்தாள். கண்டமங்கலத்துப் பெண். அவள் வீட்டாரும் இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள்.

"எறங்குடின்னு கைய புடிச்சி இழுத்தேன் பெரிப்பா. எங்க நைனா வந்து கூப்புடணும்னு கம்பிய புடிச்சிக்கினா. ஜனம் உள்ள ஏறிடிச்சி. நான் எறங்கறதே பெரும்பாடாப் போச்சி. வண்டி பூட்ச்சி."

வண்டி எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு ஓடினேன்.

வண்டி பண்ருட்டி, கடலூர் வழியாகத் தெற்கே போகிறது என்றார்கள். ஸ்டேஷனில் இருந்த ஒரு பாபு நல்ல மனிதர். தந்திக் கம்பியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பட்டாள வண்டிகளுக்கு வழிவிடும் வேலையில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது இது மட்டும்தான்: நான் போய்க் கூப்பிடும் வரை அவள் இறங்க மாட்டாள். கடலூரிலும் இறங்க மாட்டாள். மாயவரத்திலும் இறங்க மாட்டாள். வண்டி எங்கே போய் நிற்குமோ அங்கே வரை போவாள். அங்கே யார் கையில் இருப்பாள்?

இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டியின் அடியில் போய் நின்றேன். ஜெபம் பண்ண வேண்டும். வாய் தானாக எங்கள் வீட்டு ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தது. ஆண்டவரே, என் பிள்ளைகள் எனக்குக் கீழ்ப்படிந்து நடக்க உதவி செய்யும் என்று. தினமும் சொல்வது. பாதியில் வாய் நின்றுவிட்டது. அந்த ஜெபத்தைக் கேட்டுத்தானே ஆண்டவர் இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. தலையில் இருந்த துண்டை எடுத்தேன். வாய்விட்டுச் சொன்னேன்.

"ஆண்டவரே, இன்னிக்கி ஒரு நாளு அவ என் பேச்ச கேக்கக் கூடாது. அவள எறக்கி வுடு. என் பேச்ச மீற வை."

அவ்வளவுதான். வேறு வார்த்தை வரவில்லை. அழுகையும் வரவில்லை.

பொழுது சாயும்போது கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக ஓடினேன். கடைசிப் பெட்டியில் பலாப்பழ மூட்டையோடு ஓர் அம்மா இறங்கினாள். பண்ருட்டியில் பழம் வாங்கி விழுப்புரத்தில் விற்கிறவள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிருபை.

என்னைக் கண்டதும் என் மகள் ஓடி வரவில்லை. முந்தானையை விட்டுவிட்டு வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே தெரியும்படி.

"நீ கூப்புடாமயே எறங்கிட்டேன் நைனா" என்றாள்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோவ், நீதான் அந்த நைனாவா? பண்ருட்டில வண்டி நவுர்ற நேரத்துல குதிக்குதுய்யா. நான் புடிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்? ஏன்டி குதிச்சேன்னு கேட்டா, எங்க நைனா கையில சொல்லிடாதீங்கன்னுது. புள்ள பெத்தியா, போலீசு டேஷன் வச்சிக்கினு இருக்கியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியதுதான். அந்த அம்மாவின் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டாள். மூட்டையைத் தூக்கிவிடு, அது போதும் என்றாள். தூக்கிவிட்டேன். அவள் பேர்கூடக் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் சந்தையில் தேடினேன். கண்ணில் படவில்லை.

வீட்டில் ரூத் கிருபையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அவ்ளோ நேரம் எறங்காதவ அங்க மட்டும் ஏம்மா எறங்கின?"

"யாரோ கூப்ட்டாங்கம்மா. கிருபை, எறங்குன்னு."

"நைனா கொரலு மாறி இருந்துச்சா?"

"இல்ல. கோவமா இல்ல."

ரூத் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பெட்டியில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவள் பேர் யாருக்கும் தெரியாது. நான் தொட்டியடியில் நின்றதும், அந்த வண்டி தாமதமாகிப் பண்ருட்டியை விட்டதும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். கூப்பிட்டவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுகிறவர்களோடு நான் வழக்குப் பேச மாட்டேன்.

பிரம்பை அன்றே அடுப்பில் வைத்தேன். ஆனால் அடுத்த நாள் நான் ஆமென் சொன்னதும் அவள் கை நீண்டது. அதற்கு அடுத்த நாளும். அடிக்க மாட்டேன் என்று சொல்லியும் நீண்டது. அந்த லீவு முழுவதும் அப்படித்தான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அது மரக்கட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். ஆண்டவர் ஒரே மத்தியானத்தில் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். நான் அவளுக்குள் வைத்த பயத்தை எடுக்க வருஷங்கள் ஆயின. முழுவதும் எடுத்தேனா என்று இன்றும் தெரியாது.

அவள் தம்பி, சின்னவன் தானியேலைப் பள்ளியில் சேர்க்கும் முறை வந்தது. அவன் விரலும் காதைத் தொடவில்லை. அடுத்த வருஷம் வருகிறோம் என்று நானே சொல்லிக் கூட்டிவந்தேன். "நீயே இன்னும் ரெண்டாவது தாண்டல, எனுக்கு இன்னா அவசரம்?" என்றான் வழியில். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். அவன் எதிர்த்துப் பேசுவான், கேள்வி கேட்பான், சிலேட்டை உடைத்துவிட்டு உடைந்த துண்டோடு நேரே என்னிடம் வருவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். உடனே பெரியவள் முகம் நினைவுக்கு வரும். அவளுக்கும் இது கிடைத்திருக்க வேண்டியதுதானே.

அவள் பெரிய மனுஷி ஆனதும் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். நான் அவளைக் கேட்டேன். நீ சொல்றபடி நைனா என்றாள். உனக்கு என்ன ஆசை என்று மறுபடி கேட்டேன். நீ சொல்றபடி. அந்த வார்த்தையை ஒரு காலத்தில் ஆசையோடு கேட்டவன் நான். இப்போது அது என்னைக் குத்தியது. மேலே படி என்று நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு தேறினாள். டீச்சர் டிரெயினிங்கும் முடித்தாள். சுதந்திரமும் வந்துவிட்டது. அவள் மட்டும் இன்னும் என் முகக்குறியைப் பார்த்துத்தான் பேசுவாள்.

போன வருஷம் இரண்டு பள்ளிகளில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒன்று விழுப்புரத்திலேயே. இன்னொன்று வானூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். விழுப்புரத்தையே எடுத்துக்கொள், வீட்டோடு இருக்கலாம் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேப்பைக் கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"இல்ல நைனா. நான் வானூரு போறேன்."

தானியேல்கூட வாயை மூடிக்கொண்டான். அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா?" என்றேன்.

"அங்க நம்ம தெருப் புள்ளைங்களுக்கு வாத்தியாரே இல்ல. நான் போவணும்."

சரி போ என்றேன். வெளியே போய் நின்றுகொண்டேன். தொட்டியடியில் வராத அழுகை அப்போது வந்தது. அன்று நான் ஒரே ஒரு நாளைக்குத்தான் கேட்டிருந்தேன்.

பிள்ளை வளர்க்கிற சகோதரரே, சகோதரிகளே, நான் உங்களுக்குப் போதிக்கத் தகுந்தவன் இல்லை. என்னைப் பார்த்துப் பிரம்பு எடுத்த வீட்டார் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னியுங்கள். அதைக் கீழே போடுங்கள். உங்கள் பிள்ளையை உங்கள் கையை விட ஆண்டவர் கையில் நம்பி விடலாம். உங்கள் குரல் எட்டாத ஊரிலும் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கோபமில்லாமல் கூப்பிடுகிறார். என் மகள் கேட்டாள்.