ஒன்பது மணிக்கு முந்தைய ரயில்

1. ரயில் டெஸ்க்

சேலத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் என்னை மூலையில் கிடந்த மேசையில் உட்காரவைத்து, இதுதான் ரயில் டெஸ்க் என்றார். ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஐரோப்பா ரயில் மேப், அவ்வளவுதான். ஃபிளைட் டிக்கெட் போடும் பக்கம் எப்போதும் கூட்டம். வெளிநாட்டு ரயிலைப் பற்றி விசாரிக்க வாரத்துக்கு ஒருவர் வந்தால் பெரிது. புதிதாக வந்தவளுக்கு இது போதும் என்று நினைத்திருப்பார்.

அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "பாஸ் வேணும்னு கேட்டா உடனே எடுத்து நீட்டிராதம்மா. எத்தனை நாள், எத்தனை ஊருன்னு கேளு. முதல்ல தனித்தனி டிக்கெட்டாக் கூட்டிப் பாரு. அதைவிடக் கம்மியா இருந்தாத்தான் பாஸ்."

பத்தொன்பது வருடம் இதை வைத்தே பிழைப்பு நடத்தினேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று தொடர் பாஸ்: எட்டு நாள் என்றால் வரிசையாக எட்டு நாள், நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று ஃபிளெக்ஸி பாஸ்: ஒரு மாதத்துக்குள் நீங்கள் விரும்பிய நான்கு நாள், ஐந்து நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். விலை கொஞ்சம் கூடுதல். இரண்டிலும் மாட்டிக்கொள்ளும் இடம் ரிசர்வேஷன். சில வேக ரயில்களில் பாஸ் கையில் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இது தெரியாமல் பாஸை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்று எனக்குப் போன் செய்து திட்டியவர்கள் ஏராளம். ஒரே ஊரில் தங்கி, ஒன்றிரண்டு நாள் மட்டும் சுற்றப்போகிறவர்களுக்குப் பாஸ் வீண் செலவு. ஜெர்மனி மாதிரி நாட்டில் அந்தந்த மாநிலத்துக்குள் நாள் முழுக்கச் சுற்ற விடும் ஒரு நாள் டிக்கெட்டே போதும்.

இதிலெல்லாம் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதனால்தான் பெரிதாகச் சறுக்கினேன்.

2. கண்டக்டர் கேட்ட பாஸ்

சேலத்து ஆபீஸை மூடியதும் சொந்த மண்ணான கொல்லிமலைக்கே திரும்பி வந்து, சோளக்காடு என்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் அறை பிடித்தேன். ஜெராக்ஸ், பட்டா மனு, பஸ், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. பழைய ஐரோப்பா மேப்பையும் கொண்டுவந்து மாட்டினேன். பலாப்பழம் விற்கும் இடத்தில் இது எதற்கு என்று கேலி செய்யாத ஆளில்லை. அந்த மேப்பை நம்பி வந்த முதல் ஆள் சின்னத்தம்பி அண்ணன்.

எங்கள் மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதிக்காரர். மலை பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். எழுபது வளைவிலும் ஒரு தோளைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு நின்றபடியே டிக்கெட் கிழித்தவர். கறார் என்றால் அப்படி ஒரு கறார். சொந்தச் சம்சாரம் பாப்பாத்தி அக்கா ஏறினால் முதல் டிக்கெட் அவருக்குத்தான். காசு குறைகிறது என்று கெஞ்சியவர்களை நடு வளைவில் இறக்கிவிடுவார் என்று மலை முழுக்கப் பேச்சு. நடு வளைவில் இல்லை, அடுத்த ஸ்டாப்பில்தான் என்று அவர் இன்றைக்கும் திருத்துவார்.

அவருடைய மகளுக்கு ஜெர்மனியின் தெற்கில் ஓர் ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. அப்பா அம்மாவை ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லி விமான டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டாள். அண்ணன் என்னிடம் வந்தது வேறு விஷயத்துக்கு. அந்த ஊரிலிருந்து காட்டு மலைக்குள் புகுந்து போகும் ஒரு ரயில் பாதையை மகள் வீடியோவில் காட்டியிருக்கிறாள். அதில் ஒரு நாள் போய் வர வேண்டும். மகளுக்கு டூட்டி இருக்கும், இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் போக வேண்டும். போனில் டிக்கெட் காட்டுவதெல்லாம் அவருக்கு நம்பிக்கை இல்லை. கையில் பேப்பராக வேண்டும்.

"முப்பது வருசமா இந்த மலையில நின்னுட்டே போனவன் அம்மிணி. மலைய எங்க பாத்தேன், சில்லறையத்தான் பாத்தேன். ஒரு மலையவாச்சும் ஜன்னலோரமா உக்காந்து பாக்கோணும். பாப்பாத்தியும் பக்கத்துல இருக்கோணும்" என்றார்.

மறுபடி ஒரு பயணத்துக்கு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். விமானத்தில் அத்தனை மணி நேரம் உட்காரவே டாக்டர் யோசித்துத்தான் சம்மதித்திருந்தார்.

அண்ணன் கேட்டது பாஸ். ரிடையர் ஆனவர்களுக்குக் கொடுக்கும் பஸ் பாஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, இந்த மாதிரி ஒன்று போடு, பாஸ் இருந்தால் எந்த வண்டியிலும் ஏறலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது என்றார். நான் விடுவேனா? கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த நாட்டுப் பாஸ் குறைந்தது மூன்று நாளுக்குத்தான் கிடைக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்தால் ஒரு கறவை மாட்டின் விலை. அதே இடத்துக்கு மாநில ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் அந்த மாட்டுக்கு இரண்டு மூட்டை தீவனம் வாங்கும் காசுதான் ஆகும். எதுக்கும் பாஸே இருக்கட்டுமே என்று அவர் இழுத்தார். மிச்சமாகிற பணத்தை ரயில்காரனுக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று நான்தான் மடக்கினேன்.

அந்த வண்டிகளில் ரிசர்வேஷன் கிடையாது. சனி, ஞாயிறு போனால் கூட்டத்தில் அண்ணன் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும் என்று செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போட்டேன். ஒன்பது பத்துக்கு வண்டி, எந்த ஸ்டேஷனில் மாற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வேலை நாட்களில் அந்த டிக்கெட் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். அதனால்தான் ஒன்பது பத்து. அந்தக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. உல்லாசப் பயணம் போகிறவர்கள் ஒன்பதுக்கு முன்னால் எங்கே கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

3. அடுத்த ஸ்டேஷன்

அந்தச் செவ்வாய்க்கிழமை இங்கே பத்து மணி இருக்கும். ஒரு பட்டா மனுவுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அண்ணன் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"அம்மிணி, இந்த டிக்கெட் செல்லாதுன்னு சொல்றாங்க. செக்கரம்மா பக்கத்துலதான் நிக்குது. நீ பேசு."

இங்கே பத்து என்றால் அங்கே காலை ஆறரை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

செக்கர் பெண் நல்ல ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினார். டிக்கெட் ஒன்பதுக்கு மேல்தான், சட்டப்படி இது டிக்கெட் இல்லாத பயணம் என்றார். தவறு என்னுடையது, அவர்களுக்கு மொழி தெரியாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, அபராதம் எழுதவில்லை, ஆனால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருந்து, ஒன்பதுக்கு மேல் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அண்ணனிடம் அதைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டேன். இருவரும் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் முதல் வண்டியில் ஏறினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது ரொம்பச் சாதாரணமான பதில். மகள் காலை டூட்டிக்குப் போகும்போது ஸ்டேஷனில் விட்டுப் போனாள். முதல் வண்டி நின்றுகொண்டிருந்தது. முதல் வண்டியை விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று ஏறிவிட்டார்கள்.

மலையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முதல் பஸ்ஸை விட்டால் ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடைக்காது, தாலுக்கா ஆபீசில் ஆளைப் பிடிக்க முடியாது. ஒன்பது மணி பஸ்ஸுக்கு எவனும் உட்கார்ந்திருக்க மாட்டான். இதே மலையில் பிறந்து, இதே முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன எனக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

"என்னைய எறக்கி உட்டுட்டாங்க அம்மிணி" என்றார். "டிக்கெட் இல்லாத ஆளுன்னு அத்தனை சனமும் பாத்துச்சு. நாங்க புள்ள ஊட்டுக்கே போறோம். மலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

தப்பு முழுக்க என்னுடையது என்றேன். என் செலவில் இப்போதே வேறு டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். இனி எந்த டிக்கெட்டையும் தொடமாட்டேன் என்றார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அப்போது பக்கத்திலிருந்து பாப்பாத்தி அக்காவின் குரல் கேட்டது. அதிகம் பேசாத மனுஷி.

"ஏனுங்க, நீங்க எத்தனை பேர எறக்கி உட்டுருப்பீங்க. அவங்கெல்லாம் அதுக்கப்பறம் பஸ்ஸே ஏறலீங்களா? அடுத்த பஸ்ஸுக்கு நின்னு ஏறித்தான ஊடு வந்து சேந்தாங்க. பேசாம உக்காருங்க. ஒம்பது மணி ஆகட்டும்."

லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு ஒருவருடைய சர்வே நம்பரை மாற்றி அடித்துவிட்டு அவரிடம் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவர்கள் மகளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. இருவரும் மலை ரயிலில் போய்விட்டு வந்துவிட்டார்கள் என்று.

4. நின்றவரும் உட்கார்ந்தவரும்

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அண்ணன் கடைக்கு வந்தார். நான் மன்னிப்பில் ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே சொன்னார்.

அந்த பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அங்கேயே சாப்பிட்டார்களாம். ஒரு மழை நாளில் இரண்டு ரூபாய் குறைகிறது என்று மரவள்ளி மூட்டையோடு ஒரு பெண்ணை இறக்கிவிட்டது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. முகம்கூட ஞாபகம் இருந்ததாம், ஊர்தான் தெரியவில்லையாம். அதை அக்காவிடம் சொன்னபோது, அந்த விஷயம் எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாராம் அக்கா. அந்தப் பெண்ணைப் பற்றி அதற்கு மேல் என்னிடமும் அண்ணன் பேசவில்லை.

ஒன்பதுக்கு மேல் வந்த வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காடு, குகை, மறுபடி காடு. கீழே பார்த்தால் தாங்கள் கடந்து வந்த தண்டவாளமே தெரிந்ததாம். வளைவில் குமட்டினால் முகர்ந்து பார்க்க அக்கா பையில் வைத்திருந்த எலுமிச்சையை எடுக்கவே இல்லையாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தனிச் சந்தோஷம் இருந்தது.

"அந்த வண்டியிலயும் செக்கர் வந்தாரு அம்மிணி. சின்ன வயசுப் பையன். நான் டிக்கெட்ட நீட்டிப் புடிச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். காலு தானா நின்னுருச்சு. அவரு டிக்கெட்டப் பாத்துட்டு, உக்காருங்கன்னு கையக் காட்டுனாரு."

ரோட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"முப்பது வருசத்துல நான் ஒருத்தரையும் உக்காருங்கன்னு சொன்னதில்ல. பின்னாடி தள்ளிப் போங்க, தள்ளிப் போங்கன்னுதான் சொல்லியிருக்கேன்."

டீ வாங்கிவரப் போனேன்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அந்தப் பயணத்தில்தான். மலிவு டிக்கெட்டின் விலை எப்போதும் முழு விலை அல்ல. மீதியை நேரமாகவோ மானமாகவோ பயணி எங்கேயாவது கட்டுகிறார். பாஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நினைத்த நேரத்தில் ஏறும் உரிமைக்காக. அது சிலருக்குத் தேவையில்லை, சிலருக்கு அதுதான் முக்கியம். அண்ணன் வாய் திறந்து கேட்டதும் அதைத்தான். என் கெட்டிக்காரத்தனம் கேட்கவிடவில்லை. இப்போது யார் வந்தாலும் ஊரையும் நாளையும் பிறகுதான் விசாரிக்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் பழக்கம் என்று முதலில் கேட்கிறேன். விடிவதற்கு முன் என்று சொன்னால், கறவை மாட்டு விலையானாலும் பாஸ்தான் போடுகிறேன்.