ஈஸ்வரபாண்டி பிடித்த ஓடை மீன்கள்

எங்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஈஸ்வரபாண்டிக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. குளிப்பதற்கே யோசிக்கிற ஆள். அந்த மனுஷன் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, கூடலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓடும் ஒரு சின்ன ஓடையின் மீன் இனங்கள். பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்குள் அக்கா மகள் சடங்குக்கு வைத்த ஃபிளெக்ஸில் ‘டாக்டர் தாய்மாமன்’ என்று கூலிங்கிளாஸ் மாட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். வெட்கமாவது மண்ணாவது.

ஓடையில் இறங்கினால் வழுக்கும், அட்டை கடிக்கும். அதனால் சின்னமனூரில் மீன் விற்கும் ராஜாத்தியிடம் வகைக்கு இரண்டாக வாங்கி ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, ஓடையில் பிடித்ததாகச் சீட்டு ஒட்டிவிட்டார். ராஜாத்தி எல்லாருக்கும் செய்வதுபோல், கேட்காமலே செதிலை உரசி, குடலை எடுத்து, கீறிக் கொடுத்திருக்கிறாள். மீன் இனத்தை அடையாளம் காண்பதே செதிலை எண்ணித்தான். நம் மேதை அதைக்கூடக் கவனிக்கவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியை அனுசுயா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏன் சார், இத ஆராய்ச்சிக்குப் புடிச்சீகளா, கொழம்புக்குப் புடிச்சீகளா? இந்தக் கோடைக்குள்ள நீங்களே ஓடையில புடிச்சுக் கொண்டாங்க. இல்லேன்னா பட்டத்த மறந்துருங்க.”

வேறு ஆளாக இருந்தால் வலையை எடுத்திருப்பான். இவர் எடுத்தது பிளீச்சிங் பவுடர். பெரிய சாமர்த்தியம்போல இதை அவரே என்னிடம் சொன்னார். கோடையில் ஓடை வற்றி, மீனெல்லாம் ஒரே மடுவில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. அதில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டார். அயிரை, கெண்டை, உழுவை, குஞ்சுகுளுவான் எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. செருப்பு நனையாமல் வகைக்கு இரண்டைக் கோலால் ஒதுக்கி எடுத்துக்கொண்டு, மீதியை அங்கேயே நாற விட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை செதிலெல்லாம் சரியாக இருந்தது. பட்டம் கிடைத்தது, வேலையும் நிரந்தரமானது. மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். நானும் போய்க் கைகொடுத்துத் தொலைத்தேன்.

இரண்டு மழை பெய்து ஓடை மறுபடி நிறைந்தது. ஆராய்ச்சி மாணவி மகிமா இவருடைய ஆய்வேட்டை நம்பி அங்கே போய் நாள்கணக்காக வலை போட்டாள். தலைப்பிரட்டைதான் சிக்கியது. அவள் துறைக்கு வந்து கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

“சார், நீங்க எழுதியிருக்கிற மீனுல ஒண்ணுகூட இப்ப அங்கன இல்லையே. எங்க போயிருக்கும்?”

ஈஸ்வரபாண்டி அலமாரியில் இருந்த தன் மீன் பாட்டில்களைப் பார்த்தபடி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“நல்லதாப் போச்சு. இனி அந்த மீனப் பாக்கணும்னா எவனா இருந்தாலும் எங்கிட்டதான வரணும்” என்றார்.