கட்டிப் போட்ட கை

போன வருடம் வைகாசிக் கடைசி. கடலூர் முதுநகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஆரம்பித்தது இது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. சொந்தக்காரர்களிடம் சொன்னால் ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்கிறார்கள். எனக்குத் தீர்ப்பு வேண்டாம், யாராவது முழுசாகக் கேட்டால் போதும் என்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. அதில் ஒரு அம்மாவும் மகளும் மட்டும். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த அம்மா மீன் விற்பவள். விடிவதற்குள் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்புவாள். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு வராது. சிரிப்பு மட்டும் நன்றாக வரும்.

அந்தப் பிள்ளைக்கு நடக்கப் பிடிக்கும். கதவு திறந்திருந்தால் போதும், போய்க்கொண்டே இருப்பாள். ஒரு தடவை தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவளை கேட்கீப்பர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். இன்னொரு தடவை உப்பனாற்றுச் சேற்றில் இடுப்பளவு இறங்கி நின்றாள். தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியும், வெளியில் பூட்டிவிட்டுப் போனால் கதவில் தலையை முட்டிக்கொள்வாள். அதற்கப்புறம்தான், ஐந்து வருடத்துக்கு முன்னால், அவளுடைய அம்மா வியாபாரத்துக்குப் போகும்போது பழைய நூல் புடவையை மகளின் இடுப்பில் சுற்றி, இன்னொரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய், ஜன்னல் வழியாகவே அவளுக்கு ஊட்டி, நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு வருவேன். நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த மூன்று வருடமாக அப்படித்தான். ஏதோ நம்மால் முடிந்த புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் கதவைத் திறந்து உள்ளே போனதில்லை.

அந்த வைகாசியில் தெருவில் ஒரு கல்யாணம். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டார். மனசு கேட்காமல் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். இரண்டே நாளில் அது ஊரெல்லாம் சுற்றி, ஒரு டிவியிலிருந்து கேமராவோடு வந்துவிட்டார்கள். மைக் பிடித்தவர் தன்மையான ஆள். செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "உங்களுக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க" என்றார்.

நான் சொன்னேன்: "மூணு வருஷமா பாக்குறேன் சார். கட்டித்தான் வெச்சிருக்கா. ஆனா அவ என்னா சார் பண்ணுவா, ஒண்டியா சம்பாரிக்கணும், இந்தப் பொண்ணு தண்டவாளத்துக்குப் போயிடுது, வீட்டுல வேற யாரு இருக்கா..." இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

சாயந்திரம் டிவியில் வந்தது. சோகமான வாத்தியம் பின்னால் அழுதுகொண்டிருந்தது. 'பெற்ற மகளைக் கட்டிப் போட்ட கல்நெஞ்சுத் தாய்' என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. பிள்ளையின் முகத்தை மறைக்கக்கூட இல்லை. பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்ததையும் அப்படியே காட்டினார்கள். பிறகு நான் வந்தேன். "மூணு வருஷமா பாக்குறேன் சார். கட்டித்தான் வெச்சிருக்கா." அவ்வளவுதான். என் 'ஆனா'வை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் பண்ருட்டியிலிருந்து என் நாத்தனார் போன். "அண்ணி, டிவியில வந்தீங்க! பசங்க எல்லாம் கத்துறாங்க!" அவளுக்கு நான் என்ன பேசினேன் என்பது கணக்கே இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சாப்பாட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்: "பொடவ நல்லாத்தான் இருந்துச்சு. பேசுனதுதான் சரியில்ல."

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். சிதம்பரத்தைத் தாண்டி கீரப்பாளையம் போகிற வழியில் உள்ள காப்பகத்துக்குப் பிள்ளையை வண்டியில் ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. பாதிப் பேர் கையில் போன். அந்த அம்மா அழவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "இட்லிய பிச்சுப் போட்டாதான் துன்னுவா மேடம். முழுசா குடுத்தா தொண்டையில மாட்டிக்கும்" என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் அவளிடம் மீன் வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். "புள்ளைய கட்டிப் போட்டவ தொட்ட மீனு நமக்கு எதுக்கு" என்று ஒரு வீட்டில் காதுபடவே சொன்னார்களாம். சொன்னவளுக்கும் அந்த ஜன்னல் நாலு வருடமாகத் தெரியும்.

நான் பதினைந்து நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் நின்றால்கூட அந்தச் சிவப்பு எழுத்துதான் கண்ணில் ஓடியது. பதினாறாம் நாள் அவளே என் வாசலில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"யக்கா, நான் வேலைக்குப் போற நேரத்துல பாத்துக்க ஆளு இருக்குன்னு அக்கம்பக்கத்துல யாராவது வந்து சொல்லணுமாம். அப்பதான் புள்ளைய காப்பகத்துலேர்ந்து அனுப்புவாங்களாம். எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன். டிவியில சொன்னல்ல, அங்க வந்தும் ஒரு வார்த்த சொல்லுக்கா."

குத்திக் காட்டினாளா, நிஜமாகத்தான் கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவளோடு பஸ் ஏறினேன்.  சிதம்பரத்தில் பஸ் மாறும்போது கோபுரம் இருந்த திசையைப் பார்த்து, "நடராஜா, நீதான் எனக்குப் பேச்சு குடுக்கணும்" என்று கும்பிட்டேன்.

காப்பகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே டிவியில் பேசினவள் என்று தெரிந்துகொண்டார். கட்டி வைத்தது தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எத்தனை வருடம், யாரிடமாவது சொன்னீர்களா, டாக்டரிடம் காட்டச் சொன்னீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று வருடம் என்றேன். மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக, "ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது, நீங்க அந்தப் பொண்ண உங்க வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டீங்களா?" என்றார். 

பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். தினமும் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிற முடி அது. ஆனால் அந்தப் பிள்ளை தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தாராளமாக நடந்துகொண்டிருந்தாள். உடம்பும் கொஞ்சம் தேறியிருந்தது. அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து அவள் கையை எடுத்து மோந்து பார்த்துச் சிரித்தாள். உடனே திரும்பி அங்கிருந்த ஆயாவின் கையையும் எடுத்து மோந்து சிரித்தாள். அவளுக்கு எங்கே சந்தோஷம் என்று எங்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதிகாரி அவள் இடுப்புச் சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். சுற்றிலும் கறுப்பாகத் தடித்துப்போன தோல். "துணியாலதான் மேடம் கட்டுனேன், சத்தியமா துணியாலதான்" என்றாள் அந்த அம்மா. "துணிதான்மா. அஞ்சு வருஷத்துக்குத் துணியும் கயிறுதான்" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. அந்த வீடியோ வந்திருக்காவிட்டால் இப்படி ஒரு பெண் இருப்பதே தங்களுக்குத் தெரிந்திருக்காது, இனிமேல்தான் அடையாள அட்டை, உதவித்தொகை, வைத்தியம் எல்லாம் வரும் என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். வீடியோ எடுத்த விருந்தாளியை நான் அதுவரைக்கும் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து சபிக்கவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை.

"சரி, காலையில யாரு பாத்துப்பாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், "சிதம்பரத்துக்குப் போனவங்க பிரசாதம் வாங்கிட்டு வருவாங்க. நீ பொறுப்ப வாங்கிட்டு வந்திருக்க" என்றார். அதற்கு மேல் தடுக்கவில்லை.

ஆடி பிறக்கும்போது பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த சந்தோஷத்தில் நான் டிவிக்காரர் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போன் செய்தேன். பொண்ணு திரும்ப வந்துவிட்டாள், அதையும் காட்டுங்கள், அவள் அம்மாவுக்கு வியாபாரம் நடக்கட்டும் என்றேன். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "நல்லா இருக்காளாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆனால், "அது நியூஸ்ல நிக்காதும்மா, மேல எடுத்துக்க மாட்டாங்க" என்றார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தினமும் விடியற்காலையில் அவளை என்னிடம் விட்டுவிட்டு அந்த அம்மா போவாள். முதல் வாரத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. அடுப்பில் பால் வைத்தால் ஒரு கண் அவள் மேல். தபால்காரர் வந்தால் ஒரு கை அவள் மேல். இரண்டு தடவை தெருக்கோடி வரைக்கும் ஓடிப் போய்ப் பிடித்து வந்தேன். "டிவிக்காரம்மா, ஓடுங்க ஓடுங்க" என்று ஒருத்தி சிரித்தாள்.

மூன்றாவது ஆடி வெள்ளி. என் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் வேலை. அன்றைக்கு அவருக்குக் காலை ஷிப்ட். நான் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவேன், முப்பது வருடமாக ஒரு ஆடி வெள்ளிகூடத் தவறியதில்லை. பக்கத்து வீட்டில் பத்து நிமிடம் வந்து உட்காரச் சொல்லிக் கேட்டேன். அவர்களும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் யோசித்திருப்பேனா, அதுகூடத் தெரியவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் மணிக்கட்டில் சுற்றி, கிரில் கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

மூன்றாவது சொம்புத் தண்ணீர் தலையில் விழும்போதுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது. ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். அவள் இழுக்கவில்லை, கத்தவில்லை. கட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு பழகின இடம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவிழ்த்துவிட்டு அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு விளக்கு ஏற்றவில்லை.

பதினோரு மணிக்கு அவள் அம்மா வந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையில கட்டாதக்கா, முறுக்கிக்கிட்டுக் காயம் பண்ணிக்குவா. இடுப்புல கட்டணும். முடிச்சு முதுவுப் பக்கம் வரணும்."

அவ்வளவுதான் சொன்னாள். சமையலில் உப்புப் பக்குவம் சொல்வது போலச் சொன்னாள்.

அதற்கப்புறம் நான் கட்டவில்லை. ஆனால் நானும் அவளும் உள்ளே இருக்கும்போது வாசல் கிரில்லுக்குப் பூட்டுப் போட்டுக்கொள்கிறேன். பூட்டுவதும் கட்டுவது மாதிரிதானே என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கடலூரில் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்றில் இடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், கிடைக்கும் என்கிறார்கள். தெரு அந்த விஷயத்தை மறந்தே போய்விட்டது. மறுபடியும் அவளிடமே வஞ்சிரம் பேரம் பேசுகிறார்கள். மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பா, வாயைத் திறந்தது தப்பா, அந்தத் தாய் செய்தது பாவமா, நான் அதையே செய்தது எந்தக் கணக்கில் வரும் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. இப்போதெல்லாம் சாமி முன்னால் நின்றால் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நிற்கிறேன். அந்தப் பிள்ளையும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், எங்கள் இரண்டு பேரில் யாருக்காக யார் அங்கே நிற்கிறோம் என்பது அவனுக்குத்தான் தெரியும்.