சீர்த்தட்டை யார் எடுப்பது

எங்கள் வீட்டில் முகம் கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு ஆணி. அந்த ஆணியில் இன்றைக்கு ஒரு கறுப்பு ரப்பர் பேண்ட் தொங்குகிறது. பதினொரு வருடத்துக்கு முன் இதே ஆணியில் பச்சையும் சிவப்புமாக ஐந்தாறு தொங்கும். அப்போதும் எதுவும் என்னுடையதில்லை, இப்போதும் இல்லை. எல்லாம் என் மகனுடையவை.

பையனுக்கு எதற்கு ரப்பர் பேண்ட் என்று பெரம்பூரில் எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தில் கேட்காத ஆளில்லை. திருத்தணியில் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் முதல் முடி அந்த முருகன் மலைக்குத்தான். அதுவரை தலையில் கத்தரி படக்கூடாது. மொட்டை போடும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், காது குத்தும்போதும் அப்படியே. மாமனின் மனைவி சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் வரவேண்டும். ஒரு வயதிலோ மூன்று வயதிலோ எல்லோரும் முடித்துவிடுகிற காரியம் இது. என் மகனுக்கு நாலு வயது தாண்டியும் முடியவில்லை. காரணம் என் அண்ணன். அப்படித்தான் நான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் கணவருக்கு ஷிப்ட் வேலை, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எனக்கு அம்பத்தூரில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை, ஒன்பது மணிக்குள் கைரேகை வைத்தாக வேண்டும். ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்து கீழே ஹாரன் அடிக்கும். இட்லியை ஊட்டி, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, ஒரு கால் ஷூவை மாட்டிய பிறகுதான் தலை ஞாபகம் வரும். அவனை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ரப்பர் பேண்டைப் பல்லில் கவ்விக்கொண்டு சீப்பை இழுப்பேன். சுருட்டை முடி. சிக்கு எடுத்தால் அழுவான், எடுக்காமல் விட்டால் பேன். பேச வேண்டிய போன்களையும் அந்த நேரத்தில்தான் பேசுவேன். எனக்கு வேறு நேரம் கிடையாது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், வாயில் ரப்பர் பேண்ட், கையில் அழுகிற பிள்ளை. இப்படி நான் பேசிய பேச்சில் எது யார் மனதில் எப்படி விழுந்தது என்று கவனிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

பள்ளி டைரியில் முடியை வெட்டி அனுப்பவும் என்று எழுதி வரும். வேண்டுதல், அடுத்த மாதம் முடிந்துவிடும் என்று நான் எழுதி அனுப்புவேன். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. ஒருநாள் புது ஆசிரியை அவனைப் பெண் பிள்ளைகள் வரிசையில் நிறுத்திவிட்டார். அவன் வீட்டுக்கு வந்து, நான் பாப்பாவா என்று கேட்டான். இல்லைடா என்றேன். அப்ப ஏன் எனக்கு ஜடை என்றான். மாமா வரட்டும் என்றேன். எதற்கெடுத்தாலும் அப்போது எங்கள் வீட்டில் அதுதான் பதில்.

மாமா என்கிற என் அண்ணன் அரக்கோணத்தில் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எனக்கு எட்டு வயது மூத்தவர். அம்மாவும் நைனாவும் போனபிறகு என் பிறந்த வீடு என்றால் அவரும் அண்ணியும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகன் பிறந்த செய்தி கேட்டு, டூட்டி முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் மின்சார ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிக்கொண்டு வந்துதான் பிள்ளையைத் தொட்டார். என் மடியில ஒக்கார ஒருத்தன் வந்துட்டான் என்று அங்கிருந்த நர்ஸிடம்கூடச் சொன்னார். அந்த மனிதர் மொட்டைக்கு நாள் குறித்தால் மட்டும் வரமாட்டேன் என்றார்.

முதல் தடவை தை மாதம். இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. "டூட்டி போட்டுட்டாங்கமா, நான் இன்னா பண்றது" என்றார். இரண்டாவது தடவை பங்குனியில், அதே பதில். ரயில்வேயில் இவர் ஒருவர்தான் தண்டவாளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறாரா என்று நான் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். மூன்றாவது தடவை நான் அவரைக் கேட்கவேயில்லை. நாளைக் குறித்து, வந்தே ஆகணும்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன். கணவர், மாமியார், பெரியம்மா மகள் எல்லோருமாகத் திருத்தணிக்கு ரயிலில் போய் இறங்கி மலையேறினோம். முடி எடுக்கும் கொட்டகையில் பதினொரு மணி வரை காத்திருந்தோம். அண்ணன் போனை எடுக்கவில்லை. பிள்ளை வெயிலில் தலையைச் சொறிந்துகொண்டு அழுதான். மாமியார், உங்க வீட்டு மனுஷங்க லட்சணம் இதுதான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மணையில் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்மாமன் மடியில வெக்கணும்மா, மாமன் எங்க என்று கேட்டார்.

"நான்தான் மாமன். எடுங்க" என்றேன்.

அவர் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார். இத்தனை வருடம் நான் சிக்கெடுத்த முடி என் புடவை மடியில் வந்து விழுந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். காது குத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு அவமானம் போதும் என்று இருந்தது. அன்று மாலை சென்னைக்கு வந்ததும் ஆணியில் இருந்த ரப்பர் பேண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். அவரும் பேசவில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தோம், வீட்டுக்கு வந்தும் எழுந்து நடக்கப் பிள்ளைக்குத் தெம்பில்லை. எனக்கு லீவு தீர்ந்துவிட்டது, கணவருக்கும் தீர்ந்துவிட்டது. மாமியாருக்கு மூட்டுவலி, மூன்று மாடி ஏற முடியாது. யாரிடம் விட்டுப் போவது என்று நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்த காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணி நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு துணிப்பை. கணவர் என் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நீ ஆபீஸ் கெளம்பு என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி நேராகப் பிள்ளையிடம் போனார். பதினொரு நாள் இருந்தார். வாய்க்கசப்பில் என்னிடம் ஒரு வாய் வாங்காத பிள்ளை அவரிடம் ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் நான் அண்ணனுடைய டூட்டியைப் பற்றிக் குத்தலாக ஏதோ சொன்னேன். அண்ணி தலை நிமிரவில்லை.

"அந்த மூணு நாளும் உங்க அண்ணனுக்கு டூட்டி இல்லமா. வீட்லதான் இருந்தாரு. நீங்க போயிட்டு வாங்கன்னு எவ்ளோ சொல்லிப் பார்த்தேன். உன்ன உட்டுட்டுப் போமாட்டேன்னுட்டாரு."

உங்களை யார் விட்டுவிட்டு வரச் சொன்னது என்றேன்.

"நீதான சொன்ன. தட்ட அண்ணி எடுக்க வேணாம், பெரியம்மா பொண்ணு எடுக்கட்டும்னு. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. நான் அவருக்குச் சோறு போட்டுகினு இருந்தேன்."

அதன்பிறகு அவர் உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

எனக்கு ஞாபகம் வந்தது. முதல் தடவை நாள் குறித்த வாரம். பிள்ளை இல்லாத கை சீர்த்தட்டைத் தொட வேண்டாம் என்பது மாமியார் சொன்னது. அதை நான் கொஞ்சம் பூசி மெழுகி அண்ணனுக்குச் சொன்னேன், வேன் ஹாரன் அடிக்கும்போது, பல்லில் ரப்பர் பேண்டோடு. அண்ணன் சரிமா என்றார். ஒரு வேலை முடிந்தது என்று நான் அடுத்த காலில் ஷூவை மாட்டப் போய்விட்டேன். மாமியாரிடம் அதெல்லாம் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை வரும், சண்டை போட நேரம் ஏது என்று நினைத்திருப்பேன். நேரம் இல்லை என்பதைச் சொல்லியே நான் எத்தனையோ தப்பிலிருந்து தப்பித்திருக்கிறேன். அன்றைக்கும் அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். அண்ணனோடு பேச்சு மறுபடி தொடங்கியது, பண்டிகைக்குப் போனோம், வந்தோம். அண்ணியிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்து வருடமாகத் தள்ளிப்போட்டேன்.

மகனுக்கு இப்போது பதினைந்து வயது. முடி வளர்க்கிறான். பள்ளியிலிருந்து போனில் செய்தி வருகிறது, முடியை வெட்டி அனுப்பவும் என்று. அன்றைக்கு வெட்ட முடியவில்லை என்று அழுதவள் இன்றைக்கு வெட்ட மாட்டேன் என்பவனோடு தினமும் மல்லுக்கு நிற்கிறேன். போன ஞாயிறு நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் சாயங்காலம் இரண்டு காதும் சிவந்து வீங்கி, கடுக்கனோடு வந்து நின்றான். அரக்கோணம் போயிருக்கிறான். மாமன் ஆசாரி கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

நான் கத்தினேன். பள்ளியில் என்ன சொல்வார்கள் என்றேன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான், மாமா மடியில் உட்கார முடியவில்லையாம், தலையை மட்டும் வைத்துக்கொண்டானாம். அத்தைதான் தட்டு எடுத்து வந்தாராம். என்னைக் கூப்பிடலாமே என்று கேட்டதற்கு, "மாமா கூப்பிடலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். நீ வந்தா டைம் ஆச்சு, டைம் ஆச்சும்ப" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் என்னை விட்டுவிட்டு நடத்தினார்கள் என்று கோபப்படுகிற உரிமை எனக்கு இல்லை என்பது எனக்கே தெரியும்.

மறுநாள் காலை முடி காதில் பட்டால் வலிக்கிறது என்று ஆணியிலிருந்து ரப்பர் பேண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். என்னைவிட உயரம், தரையில் உட்கார்ந்தால்தான் தலை எட்டுகிறது. பழக்கத்தில் பேண்டைப் பல்லில் கவ்விக்கொண்டு சீப்பை எடுத்தேன். பக்கத்தில் போன் அடித்தது. அண்ணி, காது எப்படி இருக்கிறது என்று கேட்க. போனைத் தோளில் இடுக்கப் போனவள் சீப்பைக் கீழே வைத்தேன். பேண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினேன்.

"அண்ணி, அன்னிக்கு தட்டு விஷயத்துல நான் சொன்னது தப்பு" என்றேன்.



"ஆங்" என்றார் அண்ணி. "பையனுக்கு மெதுவா கட்டு. காதுல இடிச்சிடப் போற."